எட்டரை மணி மின்னல்

மாமியார் திரும்புகிறாள்.
மின்னல், இடி, முகம்.
மறுபடியும் மின்னல், இடி, முகம்.
மூன்றாவது தடவை கறுப்பு வெள்ளையில்.

நாற்பது விநாடி.
நேற்றிரவு என் செல்போனில் வெட்டி எடுத்தது.
தலைமையாசிரியர் அறையிலிருந்து புரொஜெக்டர் வர
இரண்டு நாளும் மூன்று கையெழுத்தும் ஆயின.
திரை கிடையாது.
வெள்ளையடித்த சுவரில்
மாமியாரின் மூக்குத்திக்குச் சற்று மேலே
காலண்டர் மாட்டும் ஆணி.

எட்டாம் வகுப்பு, ஒலியியல்.
போன வருஷம் இதே பாடத்தில்
கொட்டாவி விட்டவர்களை எண்ணி வைத்திருக்கிறேன்: பதினேழு.
இன்று ஜன்னலுக்கு வெளியே
ஏழாம் வகுப்பும் நிற்கிறது.

"இதுல என்ன தப்பு, சொல்லுங்க."

"அந்த மருமக ரொம்ப நல்லவ மிஸ், அதான் தப்பு."
"மழையே இல்ல, இடி மட்டும் இடிக்குது."
"வீட்டுக்குள்ள இன்னாத்துக்கு மிஸ் மின்னலு?"

எல்லாம் நல்ல பதில்தான்.
நான் காத்திருந்தது மட்டும் வரவில்லை.
சரி, நானே சொல்லிவிடலாமென்று
சாக்பீஸை எடுத்தபோது
கடைசி பெஞ்சிலிருந்து கெங்காதேவி,
ஜூன் மாதத்திலிருந்து என்னிடம்
'உள்ளேன்' தவிர ஒரு சொல் பேசாதவள்:

"தூசு மொதல்ல வரும் மிஸ்.
நாலு எண்ணனப்பறம்தான் டமாருன்னும்."

எந்தத் தூசு?
கையை நீட்டினாள்.
சேவூர் தாண்டி, வயலுக்கு அந்தப் பக்கம்
கடித்து வைத்த கொய்யாக்காய் மாதிரி
ஒரு மலை.

பன்னிரண்டரைக்கு வெடி.
சத்துணவுத் தட்டோடு வராண்டாவில்
நாற்பத்தொரு பேர், நான், சமையல் ஆயா.
விசில் இவ்வளவு தூரம் கேட்காது.
சிவப்புக் கொடியும் தெரியாது.
மலையின் தோளுக்குப் பின்னால்
சத்தமே இல்லாமல்
ஒரு காலிஃப்ளவர் முளைத்தது.

ஒண்ணு, என்றது வராண்டா.
ரெண்டு.
மூணு.
இர்ஃபான் வாய்க்கருகே கொண்டுபோன முட்டை
அங்கேயே நின்றது.
நாலு,
தட்டில் சாம்பார் லேசாக நடுங்கியது.

முந்நூற்று நாற்பதை நாலால் பெருக்கி
ஆயிரத்து முந்நூற்று அறுபது மீட்டர் என்று
சிமெண்ட் தரையில் எச்சில் விரலால் எழுதினான்.
வேலூர் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கோ என்றேன்,
சூடு ஏறினால் ஒலிக்கும் கால் தரையில் பாவாது.

"எப்பருந்து எண்ற?"

"மூணாவதுலேர்ந்து மிஸ்.
தூசு ரெண்டும் ஒரே எடத்துல எழும்பறாப்ல இருக்கும்.
எண்ணனாதான் தெரியும்.
ஆறுன்னா பின்னாடி குவாரி.
நாலுன்னா எங்கப்பா இருக்கறது."

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்,
காட்பாடியில் எந்த ரயில் எத்தனை மணிக்கு
என்று சொல்வதுபோல.
பாடக்குறிப்பேட்டில் 'கற்றல் விளைவு' என்றொரு கட்டம் உண்டு.
அன்று அதை நிரப்பவில்லை.
வெள்ளிக்கிழமை கேட்டால்
மை தீர்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் பிரேயருக்கு முன்பே புகார்கள்.
எட்டரை மணிக்கு "தப்பு, தப்பு" என்று கத்தியதற்காக
ஜீவரேகாவுக்கு முதுகில் ஒன்று.
இர்ஃபான் வீட்டில்
அண்ணன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

கெங்காதேவியும் சொல்லியிருக்கிறாள்:
மின்னலும் இடியும் ஒண்ணா வராதும்மா,
சீரியல்காரங்களுக்குத் தெரியல.

அவள் அம்மா வேர்க்கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு
அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாளாம்,
கறுப்பு வெள்ளைக்கு மாறும் வரைக்கும்.

"ஒண்ணா வந்துச்சின்னா
ரொம்பக் கிட்ட உழுந்துகீதுன்னு அர்த்தம்.
பாவம்,
அந்தப் பொம்பள."